வீண்பழி

பெரும்பழி ஒருவன்மேல் விழுமாயின், அவனுக்காக வாதிடுவார் உளர். அவன் சொல்லைக் கேட்டற்கு மன்றமும் உண்டு. சிறுபழியோ அத்தகையதன்று. சிறிது பொருள் கொடுத்துக் கழித்துவிடலாம் என்பதனால், அது மெய்யோ பொய்யோ என்று ஆராய்வார் அரியர். அங்ஙனம் வந்த சிறுபழி ஒன்று நாகூரில் ஒரு முதியவரை எவ்வாறு அலைத்தது என்பதும், அதனால் அவர் எய்திய தெளிவு யாது என்பதும் ஈண்டுக் கூறப்படும்.

அம்முதியவர் நாற்பதாண்டு நெல் வாணிகஞ் செய்து ஓய்ந்தவர். காலையில் வெட்டாற்றங்கரை வரை சென்று மீளுதற்கு மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தலைக்கவசமின்றி வண்டி ஓட்டிய குற்றத்திற்காக 1,000 ரூபாய் அபராதம் செலுத்தவேண்டும் என்பது அதன் பொருள். குற்றம் நிகழ்ந்ததாகக் காட்டப்பட்ட இடமோ, ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பெருநகரத்துச் சாலை. குறித்த நாளோ, கந்தூரி விழாவில் நாகூர்த் தர்காவிற்குச் சந்தனக்கூடு வந்த நாள். அன்று தெருவெங்கும் மக்கள் வெள்ளம் நிறைந்திருந்தமையால், அவர் வண்டி வீட்டுத் திண்ணையோரத்தினின்றும் அசைந்திலது.

"ஆயிரம் ரூபாய்தானே, அப்பா, கட்டிவிட்டால் தொல்லை தீரும். வழக்கென்று அலைந்தால் அதனினும் மிகுதியாகச் செலவாகும்" என்றான் மகன். கணக்களவில் அவன் கூறியது பிழையன்று. ஆயினும் முதியவர் உடன்பட்டிலர். "பணம் போனால் போகட்டும், தம்பி. கட்டுகின்றவன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் ஆகின்றான் அன்றோ? செய்யாததைச் செய்தேன் என்று என் கையால் எப்படி எழுதிக் கொடுப்பேன்?" என்றார்.

அவர் கூற்றுச் சட்டத்திற்கும் ஒத்ததே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, சாலைகளைக் கருவிகொண்டு கண்காணித்தற்கு இடஞ்செய்யும் 136ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்வழி 2021இல் வகுக்கப்பட்ட விதி, குற்றம் நிகழ்ந்த பதினைந்து நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்படவேண்டும் என்றும், நிழற்படச் சான்றும் நாளும் நேரமும் இடமும் அதிற் காட்டப்படவேண்டும் என்றும் பணிக்கின்றது. சான்றைக் காட்டுக என்பதன் கருத்து, பழிசுமந்தவன் அதனைப் பார்த்து மறுத்தற்கு உரியன் என்பதே. கருவிக்கு வஞ்சம் இல்லை, பிழை உண்டு. புழுதி படிந்த எண்பலகையில் 3 என்பது 8 ஆகத் தோன்றும். வண்டியை விற்றவர் பெயர்மாற்றம் செய்யாதிருப்பின், வாங்கினவன் குற்றம் விற்றவரைச் சாரும். பிறருடைய எண்ணைத் தம் வண்டியிற் பொறித்துக்கொள்ளும் கள்வரும் உளர். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகட்கு உயர்பாதுகாப்பு எண்பலகை கட்டாயமாக்கப்பட்டது இத்தகைய மோசடியைத் தடுத்தற்கே.

மகன் இணையதளத்தில் அந்நிழற்படத்தை எடுத்துக் காட்டினான். வண்டி சிவப்பு, ஓட்டியவன் இளைஞன். முதியவருடைய வண்டியோ கறுப்பு. எண்ணில் ஓர் இலக்கம் மாற்றிப் படிக்கப்பட்டிருந்தது. அபராத அறிவிப்புக்களுக்குரிய அத்தளத்திலேயே முறையிடுதற்கும் வாயில் உண்டு. பதிவுச் சான்றும் வண்டியின் படமும் சேர்த்து முறையீடு அனுப்பப்பட்டது.

விடை வருந்துணையும் அவருக்கு உறக்கமில்லை. 'என்னை ஒரு சொல்லும் கேளாது குற்றவாளி என்றனரே' என்னும் சினம் உள்ளே கனன்றது. ஓரிரவு அச்சினத்தின் நடுவே பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுந்தது. பல ஆண்டுகட்கு முன், அவருடைய மண்டியில் பத்து மூட்டை நெல் கணக்கிற் குறைந்தது. மூட்டை எண்ணும் வேலையிலிருந்த ஒருவனை, யாதொன்றும் வினவாது, அன்றே விலக்கினார். மறுமாதம் ஏட்டைப் புரட்டியபோது, ஒரு மாட்டுவண்டிச் சுமையைத் தாமே வரவில் இருமுறை எழுதியிருந்தமை புலனாயிற்று. அவர் அதனை எவருக்கும் சொல்லவில்லை. 'அவன் வேறிடத்திற் பிழைத்துக்கொள்வான்' என்று அமைந்துவிட்டார்.

நாகூருக்கு அணித்தாகிய திருவாரூரில், மனுநீதிச் சோழன் வரலாற்றைக் காட்டும் கற்றேர் கோயிலின் புறத்தே நிற்கின்றது. அரசிளங்குமரன் தேர்க்காலிற் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த வரலாற்றைச் சிறுவரும் அறிவர். வாய்பேசாப் பசுவிற்கும் குறைசொல்ல ஒரு மணி இருந்தது. மண்டியில் நின்ற வேலையாளுக்கு எந்த மணி இருந்தது? ஆயிரம் ரூபாய்ப் பழிக்கு முறையிடத் தமக்கு ஒரு வாயில் உண்டு. பிழைப்பையே இழந்தவனுக்கு அவ்வாயிலைத் தாமே அடைத்தார். தம்மை உறங்கவொட்டாது வருத்தியதிற் பாதி நீதிவேட்கை, மறுபாதி, 'என்னையா?' என்னும் ஆணவமே என்பதை அவ்விரவில் அவர் உணர்ந்தார்.

மூன்றாம் வாரத்தில் அபராதம் நீக்கப்பட்டது. மகன் மகிழ்ந்தான். முதியவரோ அன்று மாலையே, காரைக்கால் செல்லும் சாலையில் தேநீர்க்கடை வைத்திருந்த அப்பழைய வேலையாளை உசாவியறிந்து சென்றார். கணக்குத் தவறியது தம் கையால் என்பதைக் கடையில் இருந்தோர் பலரும் கேட்கச் சொன்னார். நரைத்த தலையினராகிய அவ்வேலையாள் சிறிதுநேரம் வாளா இருந்தார். பின்னர், "அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஐயா" என்றார். வேறொன்றும் கூறாது, தேநீர் ஒன்று ஆற்றிக் கொடுத்தார்.

அவ்வொரு வார்த்தை கேட்டலே நீதியின் முதற்படி. கருவியை வைத்து ஆள்வார்க்கு அது சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. வீட்டிலும் கடையிலும் பிறரை வேலைகொள்வார்க்கு அதனை எழுதிவைத்தற்குத் தத்தம் நெஞ்சமன்றி வேறு ஏடு இல்லை.