எந்த நாளிலிருந்து எண்ணுவது?

திடீர் மரணத்தில் உறவை இழந்தவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டால் பெரும்பாலோர் ஆறுதல் என்றே சொல்வர். ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் 2023 ஜூன் 2 அன்று கோரமண்டல் விரைவு வண்டி சரக்கு வண்டியில் மோதித் தடம்புரண்ட பின் நடந்தவை வேறொன்றைச் சொல்கின்றன. 290க்கும் மேற்பட்டோர் இறந்த அவ்விபத்தில், ஆறுதலுக்கு முன்பாகவே உறவினர்கள் தேடி அலைந்தது உறுதியை: இறந்தது தம் மனிதர்தானா?

அன்றிரவு உடல்கள் அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளில் கிடத்தப்பட்டன. ஹௌராவிலிருந்து வந்த தந்தை ஒருவர், மகன் இறந்திருப்பான் என்பதை ஏற்காமல் மருத்துவமனைகளில் தேடிவிட்டு அங்கும் வந்தார். உடல்களுக்கு நடுவே ஒரு கை அசைந்தது. மகன் பிழைத்தான். துக்கத்தின் முதற்படி 'மறுப்பு' என வாய்பாடாக ஒப்பிக்கும் மாணவர் இச்செய்தியில் சற்று நின்றாக வேண்டும். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய ஐந்து நிலைகள், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிக் கண்டவை. பிற்பகலில் வண்டியேறியவனை மாலையிலேயே இழந்த குடும்பத்துக்கு அவற்றைப் பொருத்துவது எளிதன்று. உடலைக் காணாதவரின் மறுப்பைத் தேடல் என்று அழைப்பதே பொருத்தம்.

எல்லாத் தேடலும் அப்படி முடியவில்லை. பெற்றோரும் உடன்பிறந்தோரும் சிதைந்த முகங்களின் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் உரிமை கோரின. புவனேஸ்வர் எய்ம்ஸில் மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோர் உண்டு. பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டது இத்தகைய நிலையைத்தான்: அழவும் முடியாது, நம்பிக்கையைக் கைவிடவும் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, உதவ வருவோருக்கு மூன்று சொற்களை வைக்கிறது: பார், கேள், இணை. நடந்ததை விவரித்துச் சொல்லும்படி துயருற்றவரை வற்புறுத்தக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. மூன்றாவது சொல்தான் நடைமுறையில் கடினமானது. வங்காளம் மட்டுமே அறிந்தவருக்கு ஒடியாவில் பேச ஒருவர் வேண்டும். புகைப்படத்தைத் திறக்குமுன் அதில் என்ன இருக்கும் என்று சொல்லிவிட்டு அருகில் உட்காரவும், படிவத்தை நிரப்பவும், இரவு தங்க இடம் காட்டவும் ஆள் வேண்டும். இவற்றை 'நிர்வாக வேலை' என்று ஒதுக்கிவிட்டு உளவியல் ஆலோசனையைத் தனியே ஓர் அறையில் வைப்பது, துயரத்தை அறியாத ஏற்பாடு.

பிணவறையாக இருந்த வகுப்பறைக்குள் நுழையப் பிள்ளைகள் அஞ்சினர். ஒரு வாரத்துக்குள் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. அச்சத்துக்கு இவ்வளவு விரைவாக விடை கிடைத்தது வியப்புத்தான். காத்திருப்புக்கு அத்தகைய விரைவு வாய்க்கவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின், அக்டோபரில், உரிமை கோரப்படாத 28 உடல்கள் புவனேஸ்வரில் எரியூட்டப்பட்டன. பெயர் தெரியாத அவர்களுக்குத் தீ மூட்டியோருள் தன்னார்வலராக வந்த பெண்களும் இருந்தனர்.

நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, ஐசிடி-11 குறைந்தது 6 மாதங்களையும் டிஎஸ்எம்-5-டிஆர் வயது வந்தோருக்கு 12 மாதங்களையும் எல்லையாக வைக்கின்றன. மரபணு முடிவு வந்த பிறகே உடலைப் பெற்ற தாய்க்கு அந்த மாதங்களை ஜூன் 2இலிருந்து எண்ணுவதா, உடல் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதா? உடலே கிடைக்காத வீட்டில், காரியம் செய்யக்கூட நாள் குறிக்க இயலாமல் இருப்பவர்களுக்கு?