ராயப்பரும் பீட்டரும்

இராயபுரத்தில் எங்கள் தெருவில் யாரேனும் தேவைக்கு மேல் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பேசிவிட்டால் போதும், திண்ணையில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். 'இன்னாபா, பீட்டர் வுடுற?' என்ற கேள்வி உடனே வந்து விழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை இராயப்பர் என்று அழைப்பார்கள். அவர் பெயரால் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய தேவாலயம் இன்றும் எங்கள் பகுதியில் நிற்கிறது. ஊரின் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான் என்பார்கள். ஆக, பீட்டரின் ஊரில் பிறந்துவிட்டு, பீட்டர் விடத் தெரியாமல் தவித்தவன் நான்.

என் தந்தை துறைமுகத்தில் சிக்னல்காரராக இருந்தார். கப்பலின் சரக்கறை வாய் ஓரத்தில் நின்றுகொண்டு, உள்ளே மூட்டை கட்டுபவர்களையும் மேலே வின்ச் இயக்குபவரையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி, கையசைவாலும் குரலாலும் பளுவை ஏற்றி இறக்க வேண்டிய வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவரிடம் ஓர் ஆங்கிலம் இருந்தது. கிரேக்கரும் போலந்துக்காரரும் பிலிப்பினோக்களும் கப்பல் தளத்தில் பேசிய ஆங்கிலம் அது. இலக்கணம் கிடையாது, ஆனால் ஒரு சொல் பிசகினால் கீழே நிற்பவனின் தலையில் பளு விழும்.

அந்தச் சொற்கள் வீட்டுக்கும் வந்தன. அம்மா சோற்றுக் கரண்டியோடு நின்றால் 'ஆரியா, ஆரியா' என்பார். இறக்கு என்று பொருள். போதும் என்பதற்கு 'ஆல் ஃபாஸ்ட்'. கப்பலைக் கரையோடு எல்லாக் கயிறுகளாலும் கட்டி முடித்தபின் சொல்லும் வார்த்தை அது. அம்மா என்னைத் திட்டும்போது நடுவில் புகுந்து 'கொஞ்சம் ஸ்லாக் வுடும்மே' என்று கயிற்றைத் தளர்த்தச் சொல்வார். இவையெல்லாம் ஆங்கிலம் என்றே எனக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்தபோது வெட்கப்பட்டேன். உண்மையான ஆங்கிலம் புத்தகத்தில் இருக்கிறது என்று நம்பினேன்.

அந்தப் புத்தகத்தை மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கினேன். ஆங்கில மரபுத்தொடர்கள் அகர வரிசையில் அடுக்கப்பட்ட அட்டை கிழிந்த நூல். 1985இல் அந்தச் சந்தை தீக்கிரையாவதற்கு ஓராண்டு முன்பு அது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் அப்போதுதான் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். பூனைகளும் நாய்களுமாக மழை பெய்வதையும், வாளியை உதைத்து மனிதர் இறப்பதையும் ஒரு நாளைக்குப் பத்து வீதம் மனப்பாடம் செய்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. உர மூட்டைகளோடு வந்த கப்பல் ஒன்று. மாலைக்குள் சரக்கு முழுவதும் இறங்கி முடியுமா, இரவுக்கு ஆள் கேட்க வேண்டுமா என்று அறிந்து வர என்னை அனுப்பினார்கள். தளத்தில் நின்ற முதன்மை அதிகாரியிடம் கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், சரக்கறையைப் பார்த்தார், 'டச் அண்ட் கோ' என்றார். என் புத்தகத்தில் நான் இன்னும் 'டி' எழுத்துக்கு வந்திருக்கவில்லை. தொட்டதும் போ; அதாவது முடிந்ததும் கிளம்பிவிடுவோம் என்கிறார் என்று புரிந்துகொண்டு, அப்படியே அலுவலகத்தில் சொன்னேன். இரவுக்கு ஆள் கேட்கவில்லை. இருட்டியபோது மூன்றில் ஒரு பங்கு மூட்டைகள் உள்ளேயே கிடந்தன. கப்பல் இரவெல்லாம் சும்மா நின்றது.

மறுநாள் மேலாளர் அத்தனை பேர் நடுவிலும் கேட்டார்: 'உனக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?' அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அன்றிரவு முறை வந்திருக்க வேண்டிய கேங்குகளில் என் தந்தையுடையதும் ஒன்று என்பதை வீட்டுக்கு வந்த பின்புதான் அறிந்தேன். இருபதுக்கும் குறையாத ஆட்களின் ஓர் இரவுக் கூலி என் ஒற்றைத் தொடரில் போயிருந்தது.

'நைனா, அதுக்கு இன்னா அர்த்தம்?' என்று கேட்டபோது என் குரல் எழும்பவில்லை.

அவர் கோபிக்கவில்லை. தன் சிறுவயதைச் சொன்னார். என் தாத்தா எண்ணூர்க் குப்பத்துப் படகோட்டி. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் மணல் மேடு அடிக்கடி தூர்ந்து உயர்ந்துவிடும். மீன் பாரத்தோடு திரும்பும் படகு அந்த மேட்டைத் தாண்டும்போது அடிப்பலகை மணலில் உரசும். 'அப்ப யாரும் பேச மாட்டான் கண்ணு. மூச்சு கூட வுட மாட்டான். மாட்டிக்கினா அடுத்த அலையில படகு கவுந்துடும். தப்பிச்சா வூடு. தொட்டுச்சு, போச்சு. போற வரைக்கும் நம்ப கையில ஒண்ணும் இல்ல. அதாண்டா டச் அண்ட் கோ.'

பிற்பாடு சரிபார்த்தேன். கப்பலின் அடிப்பாகம் தரையைத் தொட்டும் சிக்காமல் நழுவுவதைத்தான் பழைய மாலுமிகள் அப்படிச் சொன்னார்கள். இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. கப்பல் அதிகாரி சொன்னது அதைத்தான்.

அதற்குப் பின் அந்தப் புத்தகத்தை வேறு விதமாகப் படிக்கத் தொடங்கினேன். அதில் பாதி கடலிலிருந்து வந்தது போலிருந்தது. திகைத்துப் போனவனை 'டேக்கன் அபேக்' என்கிறார்கள். எதிர்க்காற்று திடீரென முன்புறமிருந்து மோதிப் பாயைப் பாய்மரத்தோடு அழுத்த, கப்பல் நின்றுபோகும் நிலை அது. பொதுவாகச் சொன்னால் என்பதற்கு 'பை அண்ட் லார்ஜ்'. காற்றை எதிர்த்தும் காற்றின் போக்கிலும் செல்லுதல் என்ற கப்பலோட்டிகளின் இரண்டு சொற்கள். தொழில் பழகுவது 'கயிறுகளைக் கற்பது'. என் தந்தை உடம்பால் அறிந்தவற்றை நான் அகர வரிசையில் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தடுமாறியவன் நான் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. லஸ்கார்கள் எனப்பட்ட இந்திய மாலுமிகளை வேலை வாங்க, அவர்களுடைய கப்பல் மொழியை ஆங்கிலேயர் கற்க வேண்டியிருந்தது. அதற்காகவே தாமஸ் ரோபக் 1811இல் கல்கத்தாவில் ஓர் அகராதி வெளியிட்டார். அப்பாவின் 'ஆரியா' அந்த மாலுமிகளின் சொல்தான். போர்த்துக்கீசியரின் 'அரியார்' என்ற வினையிலிருந்து வந்தது. 1886இல் யூலும், சென்னை மாகாணப் பணியில் இருந்த பர்னெலும் தொகுத்த பேரகராதிக்கு 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று பெயர். மொகரம் ஊர்வலத்தின் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற முழக்கம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் விழுந்த கோலம் அது. நம் கட்டுமரம் 1697லேயே டாம்பியரின் பயண நூலில் ஏறிவிட்டது. இன்று உலகெங்கும் அப்பெயரில் ஓடுவதோ இரட்டை உடல் கொண்ட படகு. கட்டும் இல்லை, மரமும் இல்லை. தவறாகக் கேட்பதற்கு ஆண்டவர்களுக்கு ஓர் அகராதி கிடைத்தது. எனக்கு ஒரு திட்டு கிடைத்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. மூட்டைகள் பெட்டிகளுக்குள் போயின. சரக்கறை வாயில் நின்று குரல் கொடுப்பவர்களின் தேவை மெல்லக் குறைந்தது. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபோது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். முகத்துவாரத்தில் இப்போது மணலோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்து படிகிறது. படகுகள் இன்னும் தொட்டுத் தொட்டுத்தான் போகின்றன.

அப்பாவின் கடைசி நாட்கள் ஒரு மருத்துவமனையில் கழிந்தன. பேச்சு ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. ஒரு பிற்பகலில் மூச்சுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருந்தார்கள். அவருக்கு முதுகு வலித்திருக்க வேண்டும். வலக்கையை மெல்லத் தூக்கி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து, 'ஆரியா... ஆரியா...' என்றார்.

மலையாளத்துப் பெண்ணான செவிலியர் குனிந்து கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். 'ஆர்யா யாரு சார்? மகளா? வரச் சொல்லணுமா?'

'இல்லம்மா, இறக்கச் சொல்றார்' என்றேன்.

அவர் கைப்பிடியைச் சுற்றினார். கட்டில் மெல்லத் தாழ்ந்தது. சரியான உயரத்துக்கு வந்ததும் அப்பாவின் கை நின்றது. வின்ச் ஓட்டுபவருக்குக் காட்டுவது போல் விரல்களை மடக்கிக்கொண்டார். அதற்கான சொல்லை நான்தான் சொன்னேன்.

'ஆல் ஃபாஸ்ட், நைனா.'