இரண்டே நேரம்

எங்கள் ஊரில் அதை 'வெளியே போறது' என்பார்கள். ஆண்கள் நினைத்த நேரத்தில் போவார்கள். பெண்களுக்கு இரண்டே நேரம்: கிழக்கு வெளுப்பதற்கு முன், இல்லையென்றால் இருட்டிய பின். ராமநாதபுரத்துக் கிராமத்தில் சீமைக்கருவேலம் புதர்தான் எங்களுக்கு மறைவு. பைக் வெளிச்சம் திரும்பினால் எல்லோரும் எழுந்து நிற்போம், போனதும் உட்காருவோம். பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான் என்பதால், அதை யாரும் அவமானம் என்று சொன்னதில்லை.

உடம்பையும் அந்த நேரத்துக்குப் பழக்கிக்கொண்டோம். மதியத்துக்கு மேல் அம்மா தண்ணீர் குடிக்கமாட்டாள். அக்காவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். "சூட்டு உடம்பு" என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுப்பார்கள். பகலெல்லாம் சிறுநீரை அடக்கி வைத்ததைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகக் கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 23 வீடுகளில்தான் கழிப்பறை இருந்தது. நாடு முழுவதும் பார்த்தால், கழிப்பறை உள்ள வீடுகளைவிடத் தொலைபேசி உள்ள வீடுகள் அதிகம். வீட்டுக்கு எது முதலில் வரவேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்குப் புதர் மறைவு தேவைப்படவில்லை.

2014இல் தூய்மை இந்தியா திட்டம் வந்தது. 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் எங்கள் வீட்டிலும் கழிப்பறை எழுந்தது. மாதவிடாய் நாட்களில் இருட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய விடுதலை. ஆனால் குழாய் தெருமுனையில் இருந்தது. அண்ணன் ஊற்றுகிற வாளித் தண்ணீரையும் அம்மாவும் நானும்தான் சுமந்தோம், கழுவுவதும் நாங்கள்தான்.

குழியிலும் ஒரு சங்கதி உண்டு. இரண்டு குழி தோண்டி, ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தினால், ஓரிரு ஆண்டில் மூடிய குழியில் இருப்பது மட்கி நாற்றமற்ற எருவாகிவிடும். வீட்டுக்காரர்களே அள்ளலாம். எங்கள் தெருவில் யாரும் அதற்குச் சம்மதிக்கவில்லை. "நாம அள்ளுறதா?" என்று கேட்டு, ஆழமாக ஒற்றைத் தொட்டி கட்டினார்கள். அந்த 'நாம' என்ற சொல்லுக்குள் சாதி இருக்கிறது. மலக்குழிக்குள் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறங்கியவர்கள் இன்றும் சாகிறார்கள், பெரும்பாலும் தலித்துகள். அதற்குப் பின் குடும்பத்தைச் சுமப்பவள் அவர் மனைவி.

என் மானத்தைக் காக்க வந்த கழிப்பறை இன்னொரு பெண்ணை விதவையாக்கக் கூடாது. கழிப்பறைகளை எண்ணுகிறவர்கள் தண்ணீர் சுமப்பவளையும் குழியில் இறங்குபவரையும் சேர்த்து எண்ண வேண்டும்.