ஒற்றைக் கண்ணும் நெடுஞ்சாலையும்

சிறு பிராயத்தில் யாம் அடித்த கிட்டிப்புள் எம் தமையனாரது இடக்கண்ணிற் பாய்ந்து, அதன் பார்வையைப் போக்கிற்று. 2020-ம் ஆண்டில் அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டில் லாரி ஓட்டத் தொடங்கினார். தாம் வாழும் மாநிலத்துள் ஓட்ட இசைவு பெற்றாரேனும், எல்லை கடந்து சரக்கேற்றிச் செல்லும் உரிமை அவர்க்குக் கிட்டிலது. இயல்பான கண் 40 அடித் தொலைவிற் காணும் எழுத்தை, 20 அடியில் நின்றேனும், இரு கண்களும் தனித்தனியே படித்தல் வேண்டுமென்பது அந்நாட்டு விதி. விலக்கு வேண்டுவோர், அக்குறையோடு 3 ஆண்டுகள் ஓட்டிய அனுபவத்தைக் காட்டி அரசாங்கத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். அவர் கடிதங்களில் எம்மைக் குறைகூறும் சொல் ஒன்றேனும் இராது. அதுவே எமக்குப் பெருந்துன்பமாயிற்று.

2022-ம் ஆண்டு மார்ச்சு 22-ந் தேதி முதல் அவ்விதி திருந்திற்று. நற்கண் அவ்வெழுத்தைப் படித்து, 70 பாகை அகலம் நோக்குதல் வேண்டும்; சிவப்பு, பச்சை, மஞ்சள் நிறங்களைப் பிரித்தறிதல் வேண்டும்; குறையும் மேலும் மாறாது நிலைத்து, அதற்குப் பழகியிருத்தல் வேண்டும். இவற்றை ஆண்டுதோறும் மருத்துவர் சோதிப்பர். புதியோரை முதலாளி சாலையில் ஓட்டச்செய்து பார்ப்பர். கண்களை எண்ணிய சட்டம் காட்சியை அளக்கலாயிற்று.

தமையனார் தேறினார். ஆண்டுதோறும் சோதித்தல் மிகையன்றோவென யாம் வினவினேம். “எதிரே வருவோனும் ஒருவர்க்குத் தம்பியன்றோ?” என்று விடை எழுதினார்.