பனையில்லாத மலைக்குப் பயணம்

ஒரு கைவேலையை அறிந்திருப்பது வேறு. அதைப் பிறருக்குக் கற்பிப்பது வேறு. இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு வாரம் ஊதியமின்றிப் பணிபுரிய இசைந்த பிறகுதான் இவ்வுண்மை எனக்கு நன்கு விளங்கிற்று. குழந்தைகளுக்கு ஓலை முடையக் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு.

எங்கள் வீரகேரளம்புதூரில் ஓலைப்பெட்டி முடைவதை ஒரு வித்தையென்று யாரும் எண்ணுவதில்லை. குருத்தோலையை உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வகிர்ந்து, தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தால், ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் ஒரு கொட்டான் உருவாகிவிடும். சிறு வயது முதல் பொழுதுபோக்காக நானும் முடைந்து வருகிறேன். ஆயினும், "முதல் ஓலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும்?" என்று அடுத்த வீட்டுச் சிறுமி கேட்டபோது, விரல்கள் அறிந்ததை நாவு அறியவில்லை. எனக்குக் கற்பித்த ஆச்சியிடம் போய் முறையிட்டேன். "கையைப் பார்த்துக் கத்துக்கிட வேண்டியதுதான் தாயி, வாயால என்னத்தச் சொல்ல?" என்று சிரித்தாள் ஆச்சி. அன்று முதல், ஒவ்வொரு மடிப்பையும் உரக்கச் சொல்லிக்கொண்டே முடைந்து பழகுகிறேன். வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் உண்டு. பனை வறண்ட சமவெளியின் மரம். யாழ்ப்பாணத்தில் ஏராளம், தேயிலை விளையும் குளிர்ந்த மலையிலோ அது வளர்வதில்லை. கொண்டுபோன ஓலை தீர்ந்தவுடன் வித்தையும் தீர்ந்துபோகுமானால், நான் அளித்தது கல்வியன்று, வெறும் வேடிக்கை. ஆகவே, பழைய செய்தித்தாளைப் பட்டைகளாக மடித்து முடைந்து பார்க்கிறேன். ஓலையின் விறைப்பு காகிதத்துக்கு இல்லை. நான்காக மடித்தால் பெட்டி ஒருவாறு நிமிர்ந்து நிற்கிறது.

1910-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை இப்போது நினைவுக்கு வருகிறது. காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் துறவிகளின் மடம் ஒன்றுக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். பிறகு மற்றவர்களுக்குக் கற்பித்தார். ஆசிரியர் தாம் செய்யாத வேலையைப் பிள்ளைகளுக்கு இடக்கூடாது, கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. தமிழ்க் குழந்தைகளும் அப்பண்ணையில் படித்தார்கள். கற்பிக்கப் போகிறவர் முதலில் மாணவராக வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நான் போகிற மலையில் வாழ்கிறவர்களும் அந்நியர்கள் அல்லர். 1820-களில் தொடங்கி, காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களே அவர்கள். அவர்களிடமும் கைத்திறன் இல்லாமலா போகும்? ஆதலால், முதல் நாள் நான் ஓலையைத் தொடப்போவதில்லை. கொழுந்துக் கூடை பின்னத் தெரிந்த முதியவர் தோட்டத்தில் எவரேனும் உண்டா என்று குழந்தைகளையே விசாரித்துவரச் சொல்லப்போகிறேன். அப்படி ஒருவர் இருந்தால், பள்ளிக்கு அவரை அழைத்து உட்காரவைத்து, குழந்தைகளோடு நானும் அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன். நான் ஊர் திரும்பிய பின்னும் அவர் அங்கே இருப்பார் அல்லவா?