காயில் கடையும் கார் மோட்டாரும்



உத்திரமேரூர் என்று சொன்னால், "ஓ, குடவோலைக் கல்வெட்டு ஊரா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், அதே ஊர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்த ஊர். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்று தகுதிகள் நீளும். அதில் தேறியவர்கள் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்த நான், தகுதி பார்க்காமல் ஒரு மோட்டாரை வாங்கி எரித்த கதை இது.

அதற்கு முன் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டு முதல் நாள், "வீட்டில் என்ன தொழில்?" என்று கேட்டபோது "விவசாயம்" என்றேன். அது பொய். என்னைப் படிக்க வைப்பவர் என் பெரியப்பா. அவர் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். வார்னிஷ் வாடையும் கரி படிந்த கையுமாக இருக்கும் அந்தக் கடையைச் சொல்ல எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு ரிமோட்டில் ஓடும் கார் செய்வதென்று நாங்கள் நான்கு பேர் முடிவு செய்தோம். சாதாரண மோட்டார் வேண்டாம், பிரஷ்லெஸ் மோட்டார்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். கார்பன் பிரஷ் கிடையாது, தேய்மானம் குறைவு, பொறி பறக்காது. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் செய்யும் வேலையை டிரான்சிஸ்டர்கள் செய்துவிடும். இந்த யோசனையை வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். 1980களில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகுதான், கட்டைவிரல் பருமன் மோட்டாருக்கும் இவ்வளவு பலம் வந்தது.

செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெரு போனோம். காருக்கென்றே செய்த பிரஷ்லெஸ் செட் எங்கள் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு. அதனால் டிரோன் செய்பவர்கள் வாங்கும் ஏ2212 மோட்டாரையும், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.யையும் வாங்கினோம். இரண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. கடைக்காரர் "எதுக்குப்பா, டிரோனா?" என்று கேட்டார். "இல்லைங்க, காரு" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது!

பழைய பிரிண்டரில் கழற்றிய 20 பல், 60 பல் சக்கரங்களை மாட்டினோம். முதல் நாள் ஓட்டத்தில் கார் நகரவில்லை. சக்கரம் முன்னும் பின்னும் வெடவெடவென்று உதறியது. நான் விடாமல் ரிமோட்டை அழுத்தினேன். பத்து நொடிதான். அந்த வாடை! பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வாடை. எனாமல் கருகும் வாடை.

நண்பர்கள் யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ரிவ்யூவுக்கு இன்னும் எட்டே நாள். மறுபடி காசு கேட்க ஒருவர் வீட்டிலும் முடியாது.

அன்று இரவு வேறு வழியில்லாமல் மோட்டாரைப் பெரியப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலே எழுதியிருந்ததைப் படித்தார்.

"இன்னாடா இது, ஆயிரம் கே.வி.? கிலோ வோல்ட்டா?"

"இல்ல பெரியப்பா. ஒரு வோல்ட் குடுத்தா லோடு இல்லாம நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து. நம்ம பேட்டரி 11.1 வோல்ட். அப்போ 11,100 சுத்து."

அவர் வெளியே வந்த கம்பிகளை எண்ணினார். மூன்று. முகத்தில் ஒரு சிரிப்பு.

"டேய், இது த்ரீ பேஸுடா! நம்ம ஆளு!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் இப்படித் தோன்றியதில்லை. பேட்டரியின் டி.சி.யை ஈ.எஸ்.சி. மூன்று பேஸாக மாற்றித் தருகிறது. பம்புசெட்டில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், இதில் சுற்றுவது காந்தம். ஆனால் சுழலும் காந்தப் புலம் இரண்டிலும் ஒன்றுதான். நம் லைனில் 50 ஹெர்ட்ஸ். இந்த மோட்டாரில் 14 காந்தம், அதாவது 7 ஜோடி. 11,100 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் 1,295 ஹெர்ட்ஸ்!

"இது எதுக்கு செஞ்ச மோட்டாரு?" என்று கேட்டார்.

"இறக்கை சுத்த, பெரியப்பா."

"அப்ப இது பம்பு மாதிரி. மொதல்ல லோடே இருக்காது. வேகம் ஏற ஏறத்தான் லோடு ஏறும். உன் காரு ரைஸ் மில்லு மாதிரி. எடுத்த எடுப்புலயே முழு லோடு. மில்லுல பெல்ட்ட லூஸ் புல்லியில விட்டு, மோட்டார் வேகம் புடிச்சப்புறம்தான் லோடு குடுப்பான். நீ நேரா மாட்டிட்ட. எரியாம இன்னா பண்ணும்?"

எங்கள் தவறு முழுவதும் அந்த நான்கு வரியில் இருந்தது. சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில், காந்தம் எங்கே நிற்கிறது என்பதை ஈ.எஸ்.சி. எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். நிற்கும் மோட்டாரில் அது பூஜ்யம். எனவே முதல் சுற்றைக் குருட்டாம்போக்கில்தான் தள்ளும். இறக்கையென்றால் சுற்றிவிடும், அதன் காற்றே மோட்டாரையும் குளிர வைக்கும். கார் கனத்தால் தடுத்தது, உதறியது, வெந்தது. எங்கள் பல்சக்கரமோ 3க்கு 1. 65 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அது மணிக்கு 45 கிலோமீட்டர் கணக்கு! காலேஜ் வராண்டாவில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்?

பெரியப்பா காயிலைப் பிரிக்கச் சொன்னார். "பிரிக்கும்போதே எண்ணு, எழுது. எந்தப் பல்லு, எந்தப் பக்கம் சுத்து, எல்லாம் எழுது. அவசரப்பட்டா திரும்பக் கட்டவே முடியாது." 12 பல், ஒரு பேஸுக்கு 4 பல். ஒரே பேஸின் பக்கத்துப் பக்கத்துப் பல்லில் எதிரெதிர்த் திசையில் சுற்று. பல்லுக்கு 13 சுற்று. நோட்டில் படம் வரைந்தேன்.

மெல்லிய எனாமல் கம்பியில் 18 சுற்று கட்டினோம். சுற்று கூடினால் வேகம் குறையும்: ஆயிரம் கே.வி. சுமார் 720 ஆனது. ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். ஆனால் கம்பி மெலிந்ததால் தாங்கும் ஆம்பியர் குறையும். ஓசியில் எதுவும் வராது! அதனால் உண்மையான வைத்தியம் பல்சக்கரத்தில்தான். 15 பல், 40 பல் சக்கரம் இன்னொரு ஜோடி சேர்த்து 8க்கு 1 ஆக்கினோம். இப்போது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் கட்டிய கை அது. அந்தச் சின்னப் பல்லில் கம்பியை நுழைக்க நடுங்கியது. மூன்று இரவு ஆயிற்று. இரண்டு முறை எனாமல் உரிந்து ஷார்ட் ஆகி, மறுபடி பிரித்தோம்.

ரிவ்யூ அன்று கார் ஓடியது. மெதுவாக, ஆனால் உதறாமல். "ரிவர்ஸ் இல்லையா?" என்று சார் கேட்டார். நாங்கள் வாங்கிய டிரோன் ஈ.எஸ்.சி.யில் ரிவர்ஸ் கிடையாது. நண்பர்கள் முகம் வாடிவிட்டது. நான் குனிந்து, மூன்று கம்பியில் இரண்டை இடம் மாற்றிச் செருகினேன். கார் பின்னால் போனது! பம்பு தலைகீழாகச் சுற்றினால் பெரியப்பா செய்யும் அதே வேலை. சார் சிரித்துவிட்டார். "இதை எங்கேப்பா கத்துக்கிட்ட?" என்றார்.

"எங்க காயில் கடையில சார். எங்க பெரியப்பா மோட்டாருக்குக் காயில் கட்டறவர்" என்றேன். மூன்று வருடம் கழித்து வாயில் வந்த உண்மை.

நண்பர்களே! விலை குறைந்த மோட்டார் மட்டமான மோட்டார் அல்ல. அது வேறு வேலைக்குப் பிறந்த மோட்டார். வாங்குமுன் கே.வி., வோல்ட், கார் எடை, சக்கர விட்டம், பல் விகிதம் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புறப்படும்போது லோடு எவ்வளவு என்று கேளுங்கள். கல்வெட்டுக்காரர்கள் ஆளுக்குப் பார்த்த தகுதியை நாம் மோட்டாருக்காவது பார்க்க வேண்டாமா?

பி.எல்.டி.சி. மின்விசிறிகள் வரத் தொடங்கியதிலிருந்து, "இனிமே நம்ம தொழில் அவ்ளோதான்டா, உள்ள போர்டு வெச்சிட்டான்" என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அப்படி ஒரு விசிறி கடைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை எடுத்து வைக்கிறார். காயிலை அவர் பார்க்கிறார். போர்டை நான் பார்க்கிறேன்.

— மூன்றாம் ஆண்டு, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை