பதினாலு மில்லிமீற்றர்

பழைய ஃபியற் புந்தோக் காருக்குக் கொஞ்சம் பெரிய ரயர் போடலாமா என்ற கதை, இத்தாலியின் பலேர்மோவில் நம்மவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் எப்படியும் வந்துவிடும். கல்யாண வீட்டு வாசலிலும் வரும், ஞாயிற்றுக்கிழமை பெல்லெக்ரினோ மலைக்குப் போய் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டுக் காரடியில் நிற்கும்போதும் வரும். வேதக்காரர், சைவக்காரர் என்று பாராமல் எல்லாரும் போகிற மலை அது. கேட்கிறவன் அனேகமாக இளம்பொடியன். றோட்டு முழுக்கக் குழி, கார் அடியில் இடிக்கிறது என்பான். காருக்கு ஓர் எடுப்பு வேணும் என்பதைச் சொல்லமாட்டான்.

குழி பொய்யில்லை. புதுப்பகுதியில் தார் பெயர்ந்து கிடக்கும். பழைய நகருக்குள் பில்லியேமிக் கல் பாவிய தெருக்கள். ஒரு கல் இறங்கியிருக்கும், பக்கத்துக் கல் எழும்பி நிற்கும். வுச்சிரியாச் சந்தையில் அந்தக் கற்கள் மீன் கழுவிய தண்ணீரில் எப்போதும் நனைந்தே கிடந்ததால், நடக்கவே நடக்காத காரியத்தை 'வுச்சிரியாக் கல் காயும்போது நடக்கும்' என்பார்கள் இந்த ஊர்க்காரர். இப்போது சந்தை மெலிந்து கல்லும் காய்ந்துவிட்டது. பேச்சு மட்டும் நிற்கிறது.

என் மனைவியின் சித்தி மகன் போன மாதம் இதே கேள்வியோடு வந்தான். அவனுடைய புந்தோ, பலேர்மோவிலிருந்து கிழக்கே அரைமணித்தியால ஓட்டத்தில் இருக்கிற தெர்மினி இமெரேசேயில் செய்தது. 1970இல் ஃபியற் அங்கே தொழிற்சாலை திறந்தது; 2011 நவம்பரில் மூடியது. அதற்கு மேலேயுள்ள மதோனியே மலைகளில்தான் 1906இலிருந்து தார்கா ஃப்ளோரியோ காரோட்டப் பந்தயம் நடந்தது. பிற்காலத்தில் சுருக்கிய பிறகும் ஒரு சுற்றே 72 கிலோமீற்றர். அதை மூன்று தடவை வென்ற நீனோ வாக்கரெல்லா பலேர்மோவில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். கிழமை நாளில் பிள்ளைகளுக்குப் பாடம், பந்தயத்தில் ஃபெராரியும் அல்ஃபா ரோமேயோவும். இந்த ஊரில் அகன்ற ரயர்மேல் ஆசை வருவதற்கு ஒரு பொடியனைக் குறைசொல்ல முடியாது.

"அத்தான், இப்ப கிடக்கிறது 165/70 R14. அதே றிம்மில 185/70 போட்டா என்ன?"

பேப்பரை எடுத்தேன். 165 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் றப்பரின் உயரம் என்பது. 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே எழுத்துக்குள் மூன்று அளவைமுறை. யார் இப்படிப் போட்டார்களோ தெரியாது, உலகம் முழுக்கப் பழகிவிட்டது. கணக்குப் பார்த்தால் அவன் ரயரின் முழு விட்டம் ஏறக்குறைய 587 மில்லிமீற்றர். 185/70க்கு 615. வித்தியாசம் 28. ஆனால் கார் எழும்புவது அதில் பாதிதான், ஏனென்றால் மிச்சப் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். ஆக, 14 மில்லிமீற்றர். சுண்டுவிரல் அகலம்.

அந்தச் சுண்டுவிரல் அகலத்துக்காக மேலே போன 14 மில்லிமீற்றர் சும்மா இருக்காது. ரயர் அகலத்தாலும் 20 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது. தனியாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. பின்சீற்றில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, பெல்லெக்ரினோ மலையின் கொண்டையூசி வளைவில் சுக்கானை முழுக்க ஒடித்தால் உள்பக்கத்தில் உரசும். ஏற்றத்தில் இன்னொன்றும் தெரியும். சில்லு பெரிசாக, ஒவ்வொரு கியரும் நீண்டுவிடும். முன்னர் இரண்டாம் கியரில் போன இடத்தில் முதலாம் கியருக்கு இறங்கவேண்டும். 1200 சீசீ எஞ்சினிடம் அதற்கு மேல் கேட்கவும் கூடாது.

வேகமானியும் பொய்சொல்லத் தொடங்கும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது ஐரோப்பாவில் கார் செய்பவர்களுக்கு உள்ள விதி. அதனால் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்து விடுகிறார்கள். சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 5 வீதம் கூடும்போது அந்த இடைவெளி கரைந்துவிடுகிறது. சரியாகக் காட்டிக்கொண்டிருந்த முள் என்றால், அது 130இல் நிற்கும்போது கார் 136இல் ஓடும். நெடுஞ்சாலைக் கமராவுக்கு 5 வீதம்தான் சலுகை. முழுவதையும் ரயரே சாப்பிட்டுவிடும்.

பொடியன் விடவில்லை. கொம்மிஸ்தாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரயர்க் கடைக்காரரை இங்கே நாங்களும் அப்படித்தான் சொல்வது. அந்த மனிதர் காரைத் திரும்பியும் பார்க்காமல், "லிப்ரெத்தோவைக் காட்டு" என்றார். காரின் பதிவுப் புத்தகம் அது. இந்தக் காருக்கு எந்தெந்த ரயர் போடலாம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். அதில் இல்லாத அளவைப் போட்டால் வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் போகும்: நானூறு யூரோவுக்கு மேல் தண்டம், லிப்ரெத்தோவும் பொலிசின் கைக்குப் போய்விடும். முறையாகச் செய்யவும் வழி உண்டு. கார்க் கம்பனியின் அனுமதிக் கடிதம், மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பரிசோதனை, புத்தகத்தில் புதுப்பதிவு. பழைய புந்தோவுக்கு அந்தச் செலவை யார் செய்வார்?

ஊரில் இருந்து வந்த எங்களுக்கு இது விசித்திரம்தான். யாழ்ப்பாணத்தில் போரின்போது பெற்றோல் தடை இருந்த காலத்தில் ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உறுமவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையில் வளர்ந்தவனிடம் போய், இந்த றிம்முக்கு இந்த ரயர்தான் என்று ஒரு புத்தகம் சொல்கிறது என்றால் சிரிப்பான். கிடைத்ததைப் போட்டு ஓட்டுவதில் எங்களுக்கு ஒரு பெருமையே இருக்கிறது. அந்தப் பெருமையை நான் மதிக்கிறேன். ஆனால் வேறு வழி இருக்கிற ஊரில் அதைக் காட்டத் தேவையில்லை.

கொம்மிஸ்தா காரைத் தூக்கி முன்சில்லைக் கழற்றினார். ரயரின் உள்பக்கத்தில் பெருவிரலால் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தி, பொடியனின் கையைப் பிடித்து வைத்தார். கோழிமுட்டை அளவில் ஒரு வீக்கம். குழியின் விளிம்புக்கும் றிம்மின் விளிம்புக்கும் நடுவில் றப்பர் நசிந்து, உள்ளே இருந்த நூல்கள் அறுந்துவிட்டன. இப்போது காற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் றப்பர். பிறகு காற்றை அளந்தார். ஒன்றரை பார்கூட இல்லை. பெரிய ரயர் கேட்டு வந்தவன், இருக்கிற ரயருக்குக் காற்றடித்தே எத்தனை காலமோ!

அவர் லிப்ரெத்தோவில் விரல் வைத்துக் காட்டிய இடம்தான் எனக்குப் பிடித்தது. அதில் 155/80 R13, 165/70 R14, 185/60 R14 என்று மூன்று அளவு இருந்தது. எல்லாரும் மூன்றாவதைத்தான் பெரிசு என்று நினைப்பார்கள், அகலம் என்பதால். ஆனால் குழியில் விழும்போது அகலத்தால் என்ன பயன்? றிம்முக்கும் றோட்டுக்கும் நடுவில் எவ்வளவு றப்பர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. 185/60இல் அது 111 மில்லிமீற்றர். 165/70இல் 115.5. ஆக மலிவான கார்களுக்குப் போடுகிற, யாருமே விரும்பாத 13 அங்குல இரும்பு றிம்மின் 155/80இல் 124. பலேர்மோக் குழிகளுக்கு ஏற்ற ரயர், மூன்றிலும் மெலிந்ததுதான்.

மழைக்கும் மெலிந்ததே நல்லது. 2020 ஜூலை 15இல், சாந்தா ரொசாலியாவின் திருநாளன்று, வியாலே ரெஜோனே சிச்சிலியானாவின் சுரங்கப் பாதைகளில் கார்கள் மூழ்கியதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தில் எந்த ரயரும் உதவாது. ஆனால் சாதாரண மழையில் றோட்டில் ஒரு விரல்கடை தண்ணீர் நிற்கும்போது, அகன்ற ரயர் சீக்கிரம் தண்ணீர்மேல் மிதந்து வழுக்கும். ஒடுங்கியது வெட்டிக்கொண்டு போகும். வழுவழுத்த கல்தெருவிலோ ரயரின் அகலத்தைவிட றப்பரின் வயசுதான் பிடியைத் தீர்மானிக்கிறது. பவிசுக்கு அகலமாக வாங்கிவிட்டு, கட்டை தேய்ந்து பட்டன் மாதிரி ஆகும்வரை ஓட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பொடியன் யோசித்தான். கார் உடைக்கிற இடத்தில் நாலு 13 அங்குல இரும்பு றிம் மலிவாகக் கிடைத்தது. அவனுடைய எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அது பொருந்தும் என்று கொம்மிஸ்தா பார்த்துச் சொன்ன பிறகுதான் வாங்கினோம். புது ரயர், காற்று, பலன்ஸ் எல்லாம் முடிந்து கார் கீழே இறங்கியது. அவன் பெண்சாதி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"ஐயோ, கார் குந்திக்கொண்டிருக்கிற மாதிரியெல்லே கிடக்கு!"

அவன் என்னைப் பார்த்தான். நான் கொம்மிஸ்தாவுக்குக் காசு கொடுக்கப் போய்விட்டேன்.